வாக்குக்கு முன் வாசிப்பு: ஒஸ்லோவின் மூன்று கேள்விகளும் சமூக மட்டுறுத்தலும்

2017 பெப்ரவரியில், ஒஸ்லோவைத் தலைமையிடமாகக் கொண்ட நோர்வே அரச ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.யின் தொழில்நுட்பத் தளம் ‘என்.ஆர்.கே.பேட்டா’, தன் கருத்துப் பெட்டிக்குப் பூட்டு ஒன்று போட்டது. கட்டுரையிலிருந்தே மூன்று கேள்விகள் வரும். ஒவ்வொன்றின் கீழும் தெரிவு செய்ய விடைகள் இருக்கும். சரியான விடை தந்தால்தான் எழுத இடம் திறக்கும். நாட்டின் எல்லை தாண்டும் இணையப் போக்குவரத்தை உளவுத்துறை கண்காணிக்கும் திட்டம் பற்றிய கட்டுரைக்கு இதைப் பொருத்தினார்கள். கோபம் எளிதில் கொதிக்கும் விஷயம் அது. விடை தேடும் சில விநாடிகளில் அந்தக் கொதிப்பு சற்றுத் தணியும் என்பதும் அவர்களது கணக்கு.

வாசகர் அனுப்பும் செய்திகளை வாசகரே தரம் பிரிக்கும் தளங்களின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் தர வேண்டும் என்பது என் வாதம். 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட், தேர்ந்தெடுத்த வாசகர்களுக்குச் சில நாட்களில் காலாவதியாகும் மதிப்பெண்களைக் கொடுத்து, பின்னூட்டங்களை −1 முதல் 5 வரை மதிப்பிட வைத்தது. அந்த மதிப்பீடு நியாயமானதா என்று பார்க்க வேறு வாசகர்களையும் அமர்த்தியது. ஆனால் எந்தச் செய்தி வெளிவரும் என்பதை ஆசிரியர்களே முடிவு செய்தார்கள். குரோஷின் என்ற தளம் அந்த முடிவையும் வாசகர் வாக்குக்கு விட்டது. டிக் தளத்தில் எண்ணிக்கையே எல்லாம் என்றாகி, 2007 மே மாதம் உயர்தர டிவிடியின் (HD DVD) மறைகுறித் திறவுகோல் அடங்கிய பதிவுகளை நீக்கிய நிர்வாகம் பயனர் கிளர்ச்சிக்கு ஒரே நாளில் பணிந்தது. யார் வாக்களிப்பது, எத்தனை வாக்கு என்பதையே இத்தனை ஆண்டுகளும் செப்பனிட்டார்கள். வாக்களிப்பவர் அந்தச் செய்தியைப் படித்தாரா என்று எவரும் கேட்கவில்லை. தலைப்பை மட்டும் பார்த்து விழுந்த வாக்கும், முழுதும் படித்து விழுந்த வாக்கும் ஒரே எடை பெற்றன. நோய் இங்கேதான் இருக்கிறது.

கேள்விகளை ஆசிரியர் குழுவே எழுதுகிறது, அதனால் இது மறைமுகத் தணிக்கை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் வலு உண்டு. ஆனால் சாய்வான கேள்வி எல்லோர் கண்ணிலும் படும், அதை எதிர்த்து வாதாடலாம். பெயரற்ற கீழ்வாக்கோடு வாதாட முடியாது; முகமற்ற தள நிர்வாகத்தோடும் அது எளிதல்ல. 2016 செப்டம்பரில், 1972இல் எடுக்கப்பட்ட வியட்நாம் நாபாம் சிறுமியின் படத்தை ஃபேஸ்புக் நீக்கியபோது, ஒஸ்லோவின் ஆஃப்டன்போஸ்டன் நாளிதழின் ஆசிரியர் எஸ்பன் எகில் ஹான்சன் முதற்பக்கத்தில் ஃபேஸ்புக் தலைவர் சக்கர்பெர்க்குக்கு வெளிப்படைக் கடிதம் எழுதினார். அப்போதைய பிரதமர் எர்னா சூல்பர்க்கின் பதிவுகூட நீக்கப்பட்டது. அன்றே நிறுவனம் பின்வாங்கியது. ஒரு நாளிதழும் ஒரு பிரதமரும் குரல் எழுப்பியதால் கிடைத்த பதில் அது. சாதாரணப் பயனருக்கு அந்த வழி இல்லை.

இன்னொரு மறுப்பு கடினமானது: வெறுப்பைப் பரப்புகிறவரும் கவனமாகப் படிப்பார், மூன்று கேள்வியையும் தாண்டிவிடுவார். தீவிர வலதுசாரி ஒருவர் நடத்திய 2011 ஜூலை 22 படுகொலைக்குப் பின் நோர்வேயில் இதை யாரும் இலேசாகச் சொல்லிவிட முடியாது. நோர்வே பத்திரிகை நெறிமுறையோ, முன்கூட்டிப் பார்க்காமல் வெளியாகும் வாசகர் பதிவுகளில் நெறி மீறியதை உடனே அகற்றும் பொறுப்பை ஆசிரியர் தலையில் வைக்கிறது. கேள்வித் தடை அந்தப் பொறுப்புக்கு மாற்றாகாது.

என்.ஆர்.கே.பேட்டா தன் நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. சமூகச் செய்தித் தளங்கள் அதைக் கருத்துப் பெட்டியிலிருந்து வாக்குப் பொத்தானுக்கு நகர்த்த வேண்டும். செய்தியை அனுப்புகிறவரே கேள்விகளையும் எழுதட்டும்; அவருக்கு உடன்படாத வாசகர் ஒருவர் அவற்றைச் சரிபார்க்கட்டும்; அதன் பிறகு வாக்கெடுப்பைத் திறக்கலாம்.