டீசற் புகையும் மட்டக்களப்பும்

மட்டக்களப்பு வாவியின் மேல் கல்லடிப் பாலம் 1924 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின், 1928 இல், புகையிரதமும் மட்டக்களப்பை வந்தடைந்தது. நீராவியால் ஓடிய அந்நாளில் அப்பெயர் அதற்கு மிகப் பொருந்தியது. பின்னர் நீராவி மறைந்து டீசல் வந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. புகையும் நிலைத்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜேர்மானியப் பொறியியலாளர் ருடோல்ஃப் டீசல் 1897 இல் ஓக்ஸ்பேர்க் நகரில் இயக்கிக் காட்டிய பொறி, எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 26 வீதத்தை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவிப் பொறிகளிற் பெரும்பாலானவை அதிற் பாதியையும் எட்டவில்லை. இச்சிக்கனமே டீசலை உலகெங்கும் கொண்டு சென்றது.

கிழக்கிலங்கைக்கு அது நன்மையாகவே வந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அப்போதைய மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான். இங்கினியாகலை அணையைக் கட்டிய அமெரிக்க நிறுவனத்தின் கனரக இயந்திரங்கள் குன்றளவு மண்ணைப் பெயர்த்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ், 1954 முதல், கனடா வழங்கிய டீசல் மின் இயந்திரங்கள் ஒன்றாரியோ, அல்பேட்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி இலங்கைத் தண்டவாளங்களில் ஓடின. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையாயிற்று. இவற்றின் புகையை அன்று எவரும் குறைகூறியதாகத் தெரியவில்லை. அது முன்னேற்றத்தின் மூச்சாகவே தோன்றியிருக்க வேண்டும்.

அம்மூச்சில் இருப்பது யாது? டீசற் பொறியில் முதலிற் காற்று மட்டுமே அழுத்தப்படுகின்றது. அதனால் எழும் வெப்பத்தில், சிறு துளிகளாகப் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். காற்றுப் போதாத இடத்திற் கரித்துகள் பிறக்கும். வெப்பம் மிகுந்த இடத்திற் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நச்சு வாயுவாகும். வெப்பத்தைத் தணித்தால் வாயு குறையும், கரி பெருகும். உயர்த்தினாற் கரி குறையும், வாயு பெருகும். ஆய்வாளரை நெடுங்காலம் அலைக்கழித்த இக்கட்டு இதுவே.

தீங்கு எவ்வளவு என்பதை உறுதிப்படுத்தவும் காலம் சென்றது. டீசற் புகை புற்றுநோயை விளைவிக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இல் ஐயத்தோடு கூறியது. அமெரிக்கச் சுரங்கங்களில் உழைத்த 12,315 தொழிலாளரைப் பற்றிய ஆய்வு வெளிவந்த பின்னரே, 2012 இல், அந்த ஐயம் நீங்கியது. மூடிய சுரங்கத்திற் புகையை உண்டவரின் நுரையீரலே உலகுக்குச் சான்றாயிற்று.

கட்டுப்பாட்டில் முன்னின்றது ஐரோப்பா. அங்கே 1992 இல் பாரவூர்திப் பொறிகளுக்கு ஒரு கிலோவாற்று மணிக்கு 0.36 கிராம் துகள் அனுமதிக்கப்பட்டது. யூரோ 6 விதியில் அது 0.01 கிராமாகச் சுருங்கியது. துகள் வடிகட்டியும் யூரியாக் கரைசலும் இதைச் சாதித்தன. ஆனால் எண்ணெயிற் கந்தகம் மிகுந்தால் இக்கருவிகள் கெட்டுவிடும். ஆகவே பொறியைத் திருத்துமுன் எண்ணெயைத் திருத்த வேண்டியதாயிற்று. இந்தியாவும் 2020 ஏப்பிரலில் பத்து இலட்சத்திற் பத்துப் பங்கு கந்தகம் என்ற எல்லைக்கு வந்தது.

இலங்கையில் வாகனப் புகைக்கான நியமங்கள் 2003 இல் வர்த்தமானியில் வெளியாயின. வருடாந்தச் சோதனை 2008 இல் மேல் மாகாணத்திற் தொடங்கி ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது. நின்ற வண்டியின் பொறியைத் திடீரென விரைவாக்கி, புகையினூடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மறைக்கப்படுகின்றது என்று அளப்பதே முறை. கண்ணுக்குத் தெரியும் கரியை இது பிடிக்கும். தெரியாத நைதரசன் வாயுவைப் பிடிக்காது.

வாழைச்சேனைத் துறைமுகத்து ஆழ்கடற் படகுகள் இச்சோதனைக்கு வருவதில்லை. வயலோரத்தில் நீரிறைக்கும் பொறிகளும் அவ்வாறே. அவை வீதி வாகனங்கள் அல்ல. அப்பொறிகளின் அருகே நாள்முழுதும் நிற்பவரே அவற்றின் புகையை முதலிற் சுவாசிக்கின்றனர்.