மதில் கடந்த அன்பு: மைசூர் நாட்டில் துபுவா அடிகளார்

அன்பு எச்சமயத்துக்கும் பொதுவான அறம். வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இயேசு பெருமானோ, ‘என் அயலான் யார்?’ என வினவியவனுக்கு விளக்கம் கூறாது ஒரு கதையைக் கூறினார். அக்கதையில், கள்வரால் அடிபட்டு வழியோரம் கிடந்தவனைக் கோவிற்பணி புரிவோர் இருவரும் கண்டும் காணாதவராய்க் கடந்து சென்றனர். வேற்றினத்தானாகிய சமாரியன் ஒருவனே நின்று காயம் கட்டினான். அன்பு சோதிக்கப்படும் இடம் கோவிலுக்கு வெளியே உள்ள வழிதான் என்பதே அதன் உட்பொருள் எனலாம். அவ்வாறு வழியில் நின்ற ஒருவரை மைசூர் வாழ் தமிழராகிய நாம் இந்நாட்டு வரலாற்றிலேயே காண்கிறோம். அவரே அபே துபுவா எனப்படும் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர்.

போருக்குப் பின்

1792-இல் குருப்பட்டம் பெற்ற துபுவா, அவ்வாண்டே தாய்நாட்டை நீங்கிப் புதுச்சேரியை வந்தடைந்தார். தமிழகத்தில் பணியாற்றித் தமிழ் கற்றார். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் பூண்டு, புலால் நீத்து, இந்நாட்டவராகவே வாழலானார். 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், சிதறிக் கிடந்த கிறித்தவக் குடிகளைத் திரட்டும் பொருட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தார். காவிரி இருகூறாய்ப் பிரிந்து சூழும் அத்தீவில், அவர் பெயரோடு சேர்த்து அறியப்படும் சிறு ஆலயம் இன்றும் உள்ளது.

போர் ஓய்ந்த நாட்டில் வெறும் போதனை பசி தீர்க்காது என்பதை அவர் உணர்ந்தார். நிலமிழந்தோரைக் குடியேற்றி உழவூர்கள் அமைத்தார். ஹாசனை அடுத்த சத்தள்ளி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எனினும் இது தம் மந்தைக்கு ஆயன் ஆற்றிய கடமையே. மதிலைக் கடந்த பணி வேறொன்று உண்டு.

அம்மைப்பால்

பெரியம்மை அக்காலத்தில் ஊர்களையே வெறுமையாக்கிய கொடுநோய். பிழைத்தோருள்ளும் கண்ணிழந்தோர் பலர். பசுவுக்கு வரும் அம்மையின் நிணநீரை மனிதர் உடலிற் செலுத்தினால் பெரியம்மை அணுகாது என்பதை இங்கிலாந்தின் எட்வர்டு ஜென்னர் 1796-இல் சோதித்து, 1798-இல் வெளியிட்டார். 1802 ஜூன் திங்களில் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு முதன்முதல் அம்மை குத்தப்பெற்றது. இந்நாட்டில் அம்மருந்து பரவியது அக்குழந்தையின் கையிலிருந்தே.

குளிர்ப்பெட்டி இல்லாத காலம் அது. வெப்பத்தில் நிணநீர் விரைவிற் கெடும். ஆகவே, குத்திய ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து ஏறத்தாழ எட்டாம் நாள் நீர் எடுத்து அடுத்தவர் கையில் இடுவர். இங்ஙனம் கைக்குக் கை தொடரும் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால், அந்த ஊரில் மருந்து இல்லையாகிவிடும். பிற சாதியார் உடல்நீர் நம் உடலிற் கலப்பதா என்ற தயக்கம் ஒருபுறம், மாரியம்மன் சினம் கொள்வாளோ என்ற அச்சம் மறுபுறம், அயலாட்சியார் இடும் அடையாளமோ என்ற ஐயம் வேறு! சாதி வேலிகளைத் தாண்டினாலன்றிப் பயன் தராத மருந்து இது என்பதை எண்ணுந்தோறும் வியக்கிறோம்.

இப்பணியில் துபுவா அடிகளார் தாமே இறங்கினார். 1803, 1804-ஆம் ஆண்டுகளில் அவர் முயற்சியால் அம்மை குத்தப்பெற்றோர் 25,432 பேர் எனப் பதிவு கூறுகிறது. மக்கள் மொழியில் பேசி, மக்கள் உடையில் நடமாடிய ஒருவர் கேட்டதாலேயே அத்துணைக் கைகள் நீண்டன என்று கருத இடமுண்டு. அரண்மனையும் பின்னிடவில்லை. மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் இளந்தேவியார் தேவஜம்மணி 1806 ஜூலையில் அம்மை குத்திக்கொண்டார். அது கண்டு குடிமக்களும் முன்வந்தனர்.

அவர் தாமே இட்ட கணக்கு

குறைகளை மறைத்தல் வரலாறு ஆகாது. இந்தியர் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் பெயரால் 1816-இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலின் பெரும்பகுதி, அவருக்கு முற்பட்ட கேர்து என்னும் இயேசு சபைக் குருவின் எழுத்தைத் தழுவியது என 1987-இல் ஆய்வாளர் சில்வியா முர் நிறுவினார். அந்நூலில் நம் சமயங்களைப் பற்றிய கடுஞ்சொற்களும் உள. அதே பேனாதான் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்து 1826-இல் வெளியிட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

1823-இல் தாயகம் திரும்பிய துபுவா, இந்தியாவில் கிறித்தவத்தின் நிலை குறித்து அவ்வாண்டிலேயே வெளியிட்ட கடிதங்களில், சமயம் மாற்றும் முயற்சி தோற்றதென்றே ஒளிவின்றி எழுதினார். கோவிலுக்குள் வைத்துப் பார்த்த கணக்கில் முப்பதாண்டு உழைப்பும் அவருக்கு நட்டமாகவே பட்டது. கோவிலுக்கு வெளியே உள்ள கணக்கோ வேறு. அவர் பிடித்துக் கொடுத்த சங்கிலி அறாது நீண்டது. 1975-க்குப் பின் இந்திய மண்ணில் பெரியம்மை தோன்றவில்லை. 1980-இல் உலகமே அந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது. 1848-இல் பாரிசில் கண்மூடிய அடிகளார் இதனைக் கண்டாரல்லர்.

எதிர்வந்த அன்பு

மைசூரிலும் அன்பு ஒருவழிப் பாதையாய் நின்றுவிடவில்லை. வெஸ்லியன் சபையார் 1906-இல் மகளிர்க்கும் குழந்தைகட்கும் எனத் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை, ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என ஊரார் நாவில் நிலைத்தது. மறுபுறம், இந்து மன்னராகிய நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1933 அக்டோபர் 28-இல் புனித பிலோமினா பேராலயத்துக்குத் தம் கையாலேயே அடிக்கல் நாட்டினார். கோவிலிலிருந்து தெருவுக்குச் சென்ற அன்பு, அரண்மனையிலிருந்து கோவிலுக்குத் திரும்பி வந்தது!

நிறைவாக

துபுவாவும் நம்மைப் போல் பிழைக்க அன்றெனினும், வேற்றூரிலிருந்து வந்தவரே. வந்த இடத்தின் மொழி பயின்று, நோயிலும் வறுமையிலும் அம்மக்களோடு நின்றார். காவிரி நீர் குறித்துப் பூசல் எழுந்த நாட்களில், அயல் வீட்டுக் கதவு எத்துணை வலிய அரண் என்பதை நம்மிற் பலர் அறிவோம். கோவிலுக்கு மதில் உண்டு. நம் சங்கத்துக்கும் கண்ணுக்குப் புலனாகாத மதில் ஒன்று உண்டு. மொழியைக் காக்க அது வேண்டுவதே. ஆயினும் அதிலும் ஒரு வாயில் இருத்தல் வேண்டும். தெருவில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது, அவர் பேசுவது கன்னடமா தமிழா என்று கேளாமல் நாம் அவ்வாயில் வழியே வெளியே செல்லவும் வேண்டும்.