முடிவு முன்பே தெரியும்... பிறகு எதுக்கு ஸ்டார்? ஜப்பான் ரெஸ்லிங்கை ரசிகர்கள் விமர்சிப்பது எப்படி?

2017 ஏப்ரல் 9. டோக்கியோவில் சுமோ போட்டிகளுக்குப் பெயர்போன ரியோகோகு கொகுகிகான் அரங்கம். நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங் அமைப்பின் சாம்பியன் கசுச்சிகா ஒகாடாவை எதிர்த்து ஆடுகிறார் கட்சுயோரி ஷிபாட்டா. ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், ஷிபாட்டா தன் தலையால் ஒகாடாவின் தலையில் ஓங்கி ஒரு முட்டு முட்டினார். வேகத்தைக் குறைக்கவில்லை, கையை வைத்துத் தடுக்கவும் இல்லை. மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் டிவியில் பார்த்தவர்களுக்கே கேட்டது. ஷிபாட்டாவின் நெற்றியில் ரத்தம் வழிந்தது.

சுமார் 38 நிமிடம் நடந்த மேட்ச்சில் ஒகாடா ஜெயித்தார். உள்ளே போன ஷிபாட்டா அங்கேயே சுருண்டு விழுந்தார். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ரத்தக்கசிவு. அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

அந்த மேட்ச்சுக்கு ரெஸ்லிங் உலகின் பிரபல விமர்சகர் போட்ட மார்க் என்ன தெரியுமா? 5-க்கு 5.

யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவான ஆட்டத்துக்கு எதுக்கு மார்க்? எதைப் பார்த்துப் போடுகிறார்கள்? அந்த மார்க்குக்காக வீரர்கள் கொடுக்கும் விலை என்ன? பார்க்கலாம்.

*'பொய்ச் சண்டை'க்கு எதுக்கு விமர்சனம்?*

தெருக்கூத்து பார்க்கப் போகிறவருக்குத் துரியோதனன் கடைசியில் சாவான் என்பது தெரியாதா? தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார். 'போன வருஷம் கட்டினவர் மாதிரி இவர் வேஷம் எடுபடலையே' என்று வீட்டுக்குப் போகும் வழியில் விமர்சனமும் செய்கிறார். ரெஸ்லிங் ரசிகர் செய்வதும் அதேதான்.

முடிவு எழுதப்பட்டது. ஆனால் அந்த முடிவை நோக்கி இரண்டு பேரும் எப்படிப் போகிறார்கள் என்பது அவர்கள் திறமை. இன்னொரு விஷயம், கீழே விழுவது நடிப்பு இல்லை. விழும் தரைக்கு அடியில் பலகையும் இரும்பும் இருக்கின்றன. வலி நிஜம்.

*ஸ்டார் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?*

டேவ் மெல்ட்சர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1980-களிலிருந்து 'ரெஸ்லிங் அப்சர்வர்' என்ற செய்திமடலை நடத்தி வருகிறார். சினிமா விமர்சனம் போல மேட்ச்சுகளுக்கு நட்சத்திரம் போடும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. ஆனால் உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் அவர்தான். கால் நட்சத்திரம், அரை நட்சத்திரம் என நுணுக்கி நுணுக்கிப் போடுவார். ரொம்ப மோசம் என்றால் மைனஸிலும் போகும்.

உச்சம் 5 என்றுதான் ரசிகர்கள் பலர் நினைத்திருந்தார்கள். 2017 ஜனவரி 4-ல் டோக்கியோ டோமில் ஒகாடாவும் கனடா வீரர் கென்னி ஒமேகாவும் மோதிய மேட்ச்சுக்கு அவர் 6 கொடுத்தார். ரசிகர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. 2018 ஜூன் 9-ல் ஒசாகாவில் அதே இருவர் மோதியபோது 7!

'5-க்கு 7 என்றால் என்ன கணக்கு?' என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவருக்கு ஜப்பான் பாணி மீது ஒரு தனிப் பாசம் என்பதும் பழைய புகார். எப்படியோ, இன்று ரசிகர்களே மார்க் போடுகிறார்கள். 'கேஜ்மேட்ச்' தளத்தில் 10-க்கு எத்தனை என்று ஆளாளுக்கு எழுதலாம்.

*ஜப்பானில் அப்படி என்ன ஸ்பெஷல்?*

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் ரெஸ்லிங்கை வளர்த்தவர் ரிகிடோசன். கொரியாவில் பிறந்த முன்னாள் சுமோ வீரர். 1950-களில் டிவி பெட்டி வந்த புதிதில், அவர் வெளிநாட்டு வீரர்களை அடிப்பதைப் பார்க்கவே தெருவில் கூட்டம் கூடியது.

அவரது சீடர்கள் இருவர் 1972-ல் தனித்தனியாகக் கடை போட்டார்கள். அன்டோனியோ இனோகி தொடங்கியது நியூ ஜப்பான். ஜெயன்ட் பாபா தொடங்கியது ஆல் ஜப்பான். இனோகியின் பாணிக்கு 'ஸ்ட்ராங் ஸ்டைல்' என்று பெயர். உதை உதையாகவே விழும், பிடி பிடியாகவே இருக்கும். ஆல் ஜப்பான் பாணிக்கு 'ராஜபாட்டை' என்று பொருள்படும் பெயர். ஒரே பகையை வருடக்கணக்கில் படிப்படியாக வளர்ப்பது அதன் அடையாளம். 1970-களில் இனோகிக்கு வில்லனாக நின்று ஜப்பானையே மிரட்டியவர் பஞ்சாபில் பிறந்த டைகர் ஜீத் சிங் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத தகவல்.

நாம் சின்ன வயதில் பார்த்த அமெரிக்க டிவி ரெஸ்லிங்கில் மைக் பிடித்துப் பேசுவது பாதி நேரம் போகும். நியூ ஜப்பானில் பேச்சு குறைவு, ஆட்டம் அதிகம். ரிங்குக்கு வெளியே போனால் நடுவர் 20 வரை எண்ணுவார்; அமெரிக்க டிவியில் பெரும்பாலும் 10 தான். 'ஜி 1 கிளைமாக்ஸ்' தொடர் லீக் முறையில் நடக்கும். ஜெயித்தால் 2 புள்ளி, டிரா என்றால் 1. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் கறுப்பு டிரவுசர், கறுப்பு பூட்ஸ் மட்டும்தான். பெரிய வித்தை எதுவும் காட்டக் கூடாது. நாலு பிடி, ரெண்டு அடி, அதை வைத்தே கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டும். ரசிகர்கள் கறாராக மார்க் போடும் இடங்களில் அதுவும் ஒன்று.

*'இண்டி' அப்படின்னா என்ன?*

பெரிய டிவி கம்பெனிகளின் கையில் இல்லாத சின்ன அமைப்புகளைத்தான் 'இண்டிபெண்டன்ட்', சுருக்கமாக 'இண்டி' என்கிறார்கள். 2002-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய 'ரிங் ஆஃப் ஹானர்', 2003-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'ப்ரோ ரெஸ்லிங் கெரில்லா' போன்றவை அன்றைய உதாரணங்கள். பின்னது பல வருடம் நடந்தது முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் ஒரு சின்ன ஹாலில். சில நூறு பேர்தான் உட்கார முடியும்.

ஆனால் தரம்? 2004 அக்டோபரில் சிகாகோ பகுதியில் சமோவா ஜோவும் சிஎம் பங்க்கும் 60 நிமிடம் ஆடி டிரா செய்தார்கள். 1997-க்குப் பிறகு அமெரிக்க மண்ணில் நடந்த ஒரு மேட்ச்சுக்கு மெல்ட்சர் 5 ஸ்டார் கொடுத்தது அப்போதுதான். அது ஒரு இண்டி மேட்ச்.

*சரி, ரசிகர் எதைப் பார்த்து மார்க் போடுகிறார்?*

ஆளுக்கு ஆள் ருசி மாறும். ஆனாலும் அனுபவமுள்ள ரசிகர்கள் பொதுவாகப் பார்ப்பது இவை:

1. வலியை மறக்காமல் இருப்பது: இதற்கு 'செல்லிங்' என்று பெயர். பத்து நிமிடம் காலில் அடி வாங்கிவிட்டு, அடுத்த நிமிடம் அதே காலால் ஓடினால் மார்க் போச்சு. 1995 ஜூன் 9-ல் மிட்சுஹாரு மிசாவா, கென்டா கோபாஷி ஜோடி ஒரு பக்கம். டோஷியாகி கவாடா, அகிரா டாவே ஜோடி மறுபக்கம். கட்டுப் போட்டிருந்த கோபாஷியின் காலையே எதிரிகள் குறிவைத்தார்கள். கடைசியில் நிற்க முடியாத கோபாஷி, மிசாவாவைக் காப்பாற்ற அவர் மேலேயே விழுந்து மறைத்தார். பேச்சே இல்லாமல் ஒரு நட்பைப் புரியவைத்த காட்சி அது.

2. முன்கதை: அந்த மேட்ச்சில் கவாடா மிசாவாவைத் தரையோடு அழுத்தி 3 எண்ண வைத்தார். முதல் முறையாக! இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்; மிசாவா சீனியர், கவாடா ஜூனியர். ஒரு வருடம் முன்பு, 1994 ஜூன் 3-ல், டோக்கியோ புடோகான் அரங்கில் கவாடா உயிரைக் கொடுத்து ஆடியும் தோற்றிருந்தார். இது தெரியாமல் 1995 மேட்ச்சைப் பார்த்தால் பாதி சுவைதான்.

3. பிரம்மாஸ்திரத்தை எப்போது விடுகிறார்கள்: ஒவ்வொரு வீரருக்கும் ஆட்டத்தை முடிக்கும் ஒரு அடி இருக்கும். 2017 ஜனவரி மேட்ச்சில் ஒமேகாவால் தன் 'ஒன் விங்டு ஏஞ்சல்' அடியைப் போடவே முடியவில்லை. ஜூனில் போட்டார், ஒகாடாவின் கால் கயிற்றில் பட்டதால் எண்ணிக்கை நின்றது. ஆகஸ்டில் போட்டார், ஜெயித்தார். ஒரே அடியை வைத்து எட்டு மாதம் கதை சொல்லிவிட்டார்கள்.

4. 'இரண்டே முக்கால்' தருணங்கள்: நடுவர் 3 எண்ணுவதற்கு நூலிழை முன்னால் தோளைத் தூக்குவது. இரண்டு மூன்று முறை வந்தால் நெஞ்சு படபடக்கும். பதினைந்து முறை வந்தால் கொட்டாவி வரும். இன்றைய மேட்ச்சுகள் மீது ரசிகர்கள் அதிகம் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான்.

5. கூட்டம்: கொரோனா காலத்தில் ஜப்பான் அரங்குகளில் கத்தக் கூடாது, கைதட்ட மட்டுமே அனுமதி. மேட்ச்சில் கூட்டத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

*'இது சண்டையா, ஜிம்னாஸ்டிக்ஸா?'*

2016 மே மாதம் டோக்கியோவின் கொராகுவென் ஹாலில் இங்கிலாந்தின் வில் ஓஸ்ப்ரே, அமெரிக்காவின் ரிக்கோஷே மோதினார்கள். ஒருவர் குட்டிக்கரணம் அடிக்க, அடுத்தவரும் அதே நொடியில் அடிக்க, இருவரும் ஒரே மாதிரி தரையில் இறங்கி முறைத்துக்கொண்டார்கள். அந்த வீடியோ துண்டு உலகம் முழுக்கப் பரவியது.

பழைய தலைமுறையின் பிரம்மாண்ட வீரர் வேடர் கடுப்பானார். இது ரெஸ்லிங்கே இல்லை, ஒத்திகை பார்த்த ஜிம்னாஸ்டிக்ஸ் என்கிற ரீதியில் விமர்சித்தார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைசியில் வேடரும் ஓஸ்ப்ரேயும் லண்டனில் நேருக்கு நேர் மோதவே ஒரு மேட்ச் ஏற்பாடானது!

நல்ல விமர்சனம் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கும். அந்தக் கரணத்துக்குக் கதையில் காரணம் இருந்ததா? இருவரும் சம பலசாலிகள் என்று காட்டத்தான் அது என்றால் சரி. சும்மா அழகுக்கு என்றால் வேடர் சொன்னதில் நியாயம் உண்டு.

*ஸ்டாருக்குக் கொடுக்கும் விலை*

1994 மேட்ச்சில் மிசாவா கவாடாவை வீழ்த்திய அடியின் பெயர் 'டைகர் டிரைவர் 91'. எதிராளியின் இரண்டு கைகளையும் மடக்கிப் பிடித்துத் தூக்கி, தலையும் கழுத்தும் தரையில் படும்படி இறக்குவது. கை சிக்கியிருப்பதால் விழுபவர் ஊன்றித் தப்ப முடியாது. அந்த மேட்ச்சுக்கும் 5 ஸ்டார். எல்லாக் காலத்திலும் சிறந்தது அதுதான் என்பவர்கள் இன்றும் ஏராளம்.

2009 ஜூன் 13. ஹிரோஷிமா. 46 வயது மிசாவாவை எதிராளி இடுப்பைப் பிடித்துப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டார். ரெஸ்லிங்கில் தினமும் நடக்கும் சாதாரண அடிதான் அது. மிசாவா எழுந்திருக்கவில்லை. கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு அன்றிரவே இறந்தார். அந்த ஒரு அடி மட்டும் காரணமில்லை, பல வருடங்களாகக் கழுத்தில் வாங்கிய அடிகள் சேர்ந்துதான் கொன்றன என்றே ரசிகர்கள் பலரும் பார்க்கிறார்கள். அந்த அடிகளுக்கெல்லாம் எழுந்து நின்று கைதட்டியதும் ரசிகர்கள்தான்.

அதோடு நின்றதா? இல்லை. 2017-ல் ஷிபாட்டா. 2018 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஹிரோமு டகாஹாஷிக்கு மேட்ச்சுக்கு நடுவிலேயே கழுத்து எலும்பு முறிந்தது. ஆடி முடித்து ஜெயித்தார், 2019 கடைசியில்தான் ரிங்குக்குத் திரும்ப முடிந்தது. 2023 ஜூனில் டொரண்டோவில் அதே 'டைகர் டிரைவர் 91' அடியை ஒமேகா மீது போட்டார் ஓஸ்ப்ரே. மெல்ட்சர் கணக்கில் அந்த மேட்ச்சுக்கு 6 ஸ்டார்.

அதனால்தான் இப்போது ரசிகர்களில் ஒரு தரப்பு வேறு மாதிரி எழுதுகிறது. தலை தரையில் படும் அடிக்கு மார்க் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும் என்கிறார்கள். ஆபத்து இருப்பதாக நம்பவைப்பது திறமை. நிஜமாகவே ஆபத்தில் தள்ளுவதற்குத் திறமை எதுக்கு என்பது அவர்கள் வாதம். 'அப்படியென்றால் மிசாவாவின் மேட்ச்சுகளையே ரசிக்கக் கூடாதா?' என்று மறுதரப்பு கேட்கிறது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

*நீங்களும் மார்க் போடணுமா?*

ஒரே மேட்ச்சை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சும்மா ரசிக்க. இரண்டாம் முறை, தோற்கப்போகிறவரை மட்டும் கவனியுங்கள். மேட்ச்சைத் தாங்குவது பெரும்பாலும் அவர்தான். பிறகு ஸ்டார் போடுவதற்கு முன், ஏன் என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். காரணம் சொல்ல வரவில்லை என்றால் அந்த ஸ்டாருக்கு அர்த்தமில்லை.

ஷிபாட்டா என்ன ஆனார்? பயிற்சியாளராக லாஸ் ஏஞ்சல்ஸில் இளைஞர்களை வளர்த்தார். 2021 அக்டோபர் 21-ல், நாலரை வருடம் கழித்து, புடோகானில் முன்னறிவிப்பு இல்லாமல் ரிங்குக்குள் வந்தார். ஜாக் சேபர் ஜூனியருடன் 5 நிமிடக் காட்சி ஆட்டம். உதை இல்லை, குத்து இல்லை, முட்டு இல்லை. வெறும் பிடிகள். டிரா. அது கொரோனா காலம், யாரும் கத்த முடியாது. மொத்த அரங்கமும் கைதட்டியது.