கரண்ட் ஓடாத இடத்தில்…

நாஞ்சில் நாட்டில் புத்தளம் என்றாலே உப்பளம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். காய்ந்த உப்பில் கரண்ட் பாயாது. பாயாவிட்டால் என்ன என்கிறீர்களா? நோபல் பரிசு வாங்கிய ஒரு கருவியே அதனால் திணறிப்போனது!

1981-ல் ஸுரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிஷ் ரோரரும் அணுக்களைப் பார்க்க ஒரு கருவி செய்தார்கள். லென்ஸ் கிடையாது. ஓர் ஊசி முனை, பரப்பைத் தொட்டும் தொடாமலும் நகரும். இடைவெளியைத் தாண்டிவரும் எலெக்ட்ரான்களின் கரண்ட்டை அளந்து மேடு பள்ளத்தை வரைவார்கள். உலோகத்தில் எல்லாம் ஜோர். உப்புக்கட்டி, கண்ணாடி, பீங்கான்? ம்ஹூம். கரண்ட் இல்லையேல் படமும் இல்லை.

1986 அக்டோபரில் அந்தக் கருவிக்கு நோபல் அறிவித்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பே குவேட், கெர்பர் என்ற இருவரோடு சேர்ந்து, தன் கருவியின் குறையைத் தானே தீர்த்துவிட்டார் பின்னிக். புதுக் கருவியின் பெயர் அணுவிசை நுண்ணோக்கி. சின்னத் தங்கத் தகடு, அதில் ஒட்டிய வைரத் துணுக்கு. பரப்பைத் தடவும்போது தகடு எவ்வளவு வளைகிறது என்று அளந்தால் போதும். பார்வை மங்கிய பாட்டி முறத்து அரிசியைத் தடவியே கல்லைப் பொறுக்குவாளே, அதே வித்தை!

கண்ணால் காணாமல் மூலக்கூறைப் பிடிக்கும் கலை நம்மவருக்கும் கைவந்ததுதான். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், 1930-களில் நாப்தலீன் போன்ற படிகங்களை மெல்லிய இழையில் கட்டி, காந்தங்களுக்கு நடுவே தொங்கவிட்டார். அவை திரும்பும் விதத்தை வைத்தே உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் இருக்கின்றன என்று கணக்குப் போட்டார். நாப்தலீன் என்றால் வேறொன்றுமில்லை, பீரோவில் போடும் அந்துருண்டை. இரண்டு அறுகோண வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு.

அதே ஜாதியில் ஐந்து வளையம் கொண்டது பென்டசீன். 2009-ல் லியோ கிராஸ் குழுவினர் அதே ஸுரிச்சில், மைனஸ் 268 டிகிரி குளிரில், ஊசி முனையில் ஒற்றை கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஏற்றி அதைப் படம் பிடித்தார்கள். வெறும் செம்பின் மேலும் எடுத்தார்கள். செம்பின் மேல் இரண்டே அணு அடுக்கு உப்பு விரித்தும் எடுத்தார்கள். 1865-ல் கெக்குலே ஊகித்த அறுகோணம், ஐந்தும் வரிசையாக, அப்படியே தெரிந்தது!

சும்மா வேடிக்கைக்கா? இல்லை. மறு வருஷமே, ஆழ்கடல் சேற்று நுண்ணுயிர் ஒன்று தந்த பொருள் நாலு வடிவங்களில் எது என்ற குழப்பத்தை இந்த முறையால்தான் தீர்த்தார்கள். புது மருந்து தேடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அங்கேயும் மூலக்கூறைச் செம்போடு ஒட்டி உறவாடவிடாமல் தாங்கிப் பிடித்தது எது தெரியுமா? நம்ம உப்புதான்.