சமூக நிதி: மலேசியத் தோட்டத் தமிழரிடையே

ஓர் ஊரார் தம் கூலியில் ஒரு பங்கைச் சேர்த்து, தமக்குள் ஆதாயம் கருதாமல் இயங்கும் பள்ளி, கோயில், நூலகம், கூட்டுறவு ஆகியவை நீடித்து நிற்பதற்காகக் கொடுப்பது சமூக நிதி. மலாக்கா மாநிலம் அலோர் காஜா மாவட்டத்தில், லிங்கி ஆற்றையும் நெகிரி செம்பிலான் எல்லையையும் ஒட்டிக் கிடக்கும் லூபோக் சீனா வட்டாரத்தைப் போல, முதலில் ரப்பரும் பிறகு செம்பனையும் சூழ்ந்த இடங்களில் தமிழர் வாழ்க்கை பெரும்பாலும் இத்தகைய நிதியால்தான் தாங்கப்பட்டது. கோயில் திருவிழாவின் ரசீதுப் புத்தகமும் பெற்றோர் ஆசிரியர் சங்க வசூலும் அதன் இன்றைய முகங்கள். இந்த நிதிகளில் சில இரண்டு தலைமுறைக்கு மேல் நின்றன. சில பத்தாண்டுகளில் கரைந்தன. வசூலான தொகையின் அளவை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. பணத்தில் வந்த சொத்து யார் பெயரில் பதிவானது, கணக்கு யாருக்குக் காட்டப்பட்டது என்ற இரண்டும்தான் ஆயுளைத் தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வணிகரிடையே இது பழைய பழக்கம். ஒவ்வொரு வியாபாரத்திலும் கோயிலுக்கென்று ஒரு சிறு பங்கை ஒதுக்கும் மகமை, தமிழ்நாட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் நாடார்களும் கைக்கொண்டது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு சேர்த்த பிடி அரிசி பள்ளிக்கூடத்தையே நடத்தியது. காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான். மலாக்கா நகரில் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல், டச்சு ஆட்சியினர் செட்டிச் சமூகத் தலைவர் தைவநாயகம் செட்டிக்கு அளித்த நிலத்தில் எழுந்தது. அங்கே நிலம் முதலில் கைக்கு வந்தது, கட்டடம் பிறகு வந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அந்த வரிசை வாய்க்கவில்லை. அவன் குடியிருந்த லயமும், அவன் கும்பிட்ட மாரியம்மன் கோயிலும், அவன் பிள்ளை படித்த பள்ளியும் கம்பெனி நிலத்தில் இருந்தன.

இந்த முரண் பள்ளிகளின் வரலாற்றில் துலக்கமாகத் தெரிகிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி நடத்த வழி செய்தது. அதனால் பள்ளிகள் பெருகின. 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ஆனால் பெரும்பாலானவற்றின் அடிமனை தோட்டத்தாருடையது. விடுதலைக்குப் பின் அரசு பள்ளிகளை முழு உதவி, பகுதி உதவி என்று பிரித்தபோது, தனியார் நிலத்தில் நின்றவை பகுதி உதவியில் சிக்கின. ஆசிரியருக்குச் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. கூரை ஒழுகினால் ஊர் வசூல் செய்தது. பள்ளி வாரியமும் பெற்றோரும் போட்ட பணத்துக்குக் குறிப்பேடு இருந்தது, பட்டா இல்லை. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமானால், அந்தப் பணத்தில் எழுந்த சுவரும் நிலத்தோடு போனது. இன்று நாடெங்கும் எஞ்சியுள்ள தமிழ்ப் பள்ளிகள் 520-க்குச் சற்று மேல், மலாக்காவில் 21. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் இக்குறைவுக்குப் பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பெயர்ந்த மக்களின் பின்னால் பள்ளியும் பெயர வேண்டுமானால், வேறோரிடத்தில் நிலம் வாங்கத் தன் பெயரில் ஏதாவது இருக்க வேண்டும்.

பணம் கொடுப்போருக்குச் சொத்துரிமை இல்லாமலே பயன் தந்த நிதியும் உண்டு. 1955-இல், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், இந்திய இயல் துறையில் தமிழ் முதன்மை பெற வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டு நூலகத்துக்கு நூல்கள் வாங்க நிதி திரட்டினார். பால் மரம் வெட்டியவர்களும் கொடுத்தார்கள். துறை 1956-இல் தொடங்கியது. இந்த நிதியின் நோக்கம் ஒன்றுதான். அது முடிந்ததும் நிதியும் முடிந்தது. தொடர்ந்து நடக்க வேண்டிய காரியத்துக்கு இதை முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது.

தொடர்ந்து நின்ற முன்மாதிரி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். இந்தத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் அதைப் பற்றித் தனி ஆய்வே செய்தார். அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுக்கச் சொன்னார். சங்கம் 1960-இல் பதிவானது. 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அன்றைய தோட்டக் கூலியில் மாதம் 10 வெள்ளி சிறு தொகை அல்ல. ஆனால் தவணையாக இருந்ததால் கொடுக்க முடிந்தது. பங்குச் சான்றிதழ் கையில் இருந்ததால் கேள்வி கேட்கவும் முடிந்தது. கே.ஆர். சோமசுந்தரம் தலைமை வகித்த காலத்தில் சங்கம் நகரச் சொத்துகளிலும் கால் வைத்தது. உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கு உதவி வழங்கியது. டான் ஸ்ரீ கே.ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியத்தோடு சேர்ந்து நூல்களுக்குப் பரிசளித்தது. நிலத்திலிருந்து வருவாய், வருவாயிலிருந்து நல்கை என்ற இந்த ஒழுங்கு, ஆண்டுதோறும் உண்டியலைத் தூக்கிக்கொண்டு அலையும் நிலையிலிருந்து சங்கத்தை மீட்டது.

இதைக் கூட்டுறவு வணிகம் என்று சொல்லி நல்கைக் கணக்கில் சேர்க்க மறுப்போர் உண்டு. துண்டாடப்பட்டவற்றில் சங்கம் மீட்டது ஒரு பகுதியே, தொழிலாளி அங்கும் தொழிலாளியாகவே இருந்தான் என்பதும் உண்மை. ஆனால் வருவாய் தரும் சொத்து இல்லாத நல்கை, அடுத்த வசூலை நம்பியே வாழ வேண்டியது. இதைவிட வலுவான மறுப்பு மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம். 1982-இல் ம.இ.கா. தலைமையின் அழைப்பை ஏற்று ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். பங்கும் இருந்தது, பதிவும் இருந்தது. 1990-இல் இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்ட 1 கோடி டெலிகாம் பங்குகளில் 10 லட்சமே மைக்காவை அடைந்தது என்பது பின்னர்தான் வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது. பங்கு உரிமை மட்டும் போதாது, கணக்கு வைப்பவர் கணக்குக் கேட்பவருக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதை இந்த அனுபவம் காட்டியது. ‘எங்கள் தோட்டம்’ என்று போய்ப் பார்க்கக்கூடிய நிலத்தின் விளைச்சலைத் தொழிலாளி ஓரளவு கணிக்க முடியும். பல நிறுவனங்களில் சிதறிய முதலீட்டை அவரால் கணிக்க முடியாது.

ஏழைகள் தம் பள்ளிக்குத் தாமே பணம் போட்டால் அரசு தன் கடமையிலிருந்து நழுவும் என்பது இன்னொரு மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. பகுதி உதவி முறை அப்படித்தான் நடந்தது. ஆனால் அரசு நல்கை மட்டும் விடையாகவில்லை. 2018-இல் அமைந்த, இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா வழியாக ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2021-இல் அதன் செலவு குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை தொடங்கியது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா மக்கள் பணத்தையும் அரசு நல்கையையும் பிணைத்தது: 1991-இல் தொடங்கிய அவ்வமைப்புக்கு இந்தியத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை பிடிக்கப்படுகிறது, விரும்பாதவர் விலகலாம், அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. மலேசியாவில் 2001 முதல் இயங்கும் உலகச் சுற்றுச்சூழல் நிதியின் சிறு நல்கைத் திட்டமும், பெறும் அமைப்பு பணமாகவோ உழைப்பாகவோ தன் பங்கைப் போட வேண்டும் என்கிறது. லூபோக் சீனா அளவுள்ள ஊரின் கோயில் குழுவுக்கும் பள்ளி வாரியத்துக்கும் அந்தப் பங்கைப் போடத் தெரியும். ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் விலக்குப் பெறவும், நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றவும், தணிக்கைக் கணக்கு எழுதவும் ஆகும் செலவை எவரும் நல்கையாகக் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. பெயிண்ட் அடிக்கவும் கணினி வாங்கவும் மட்டும் பணம் வந்துகொண்டிருக்கிறது.