நிலத்தோடு வீடு: டி.ஓ.எல். நிலமா, பட்டா நிலமா?

பிரிஞ்சாங்: ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக ஒரு வீடு, பக்கத்தில் காய்கறி போடக் கொஞ்சம் நிலம். கேமரன் மலைத் தோட்டப்புறங்களில் பலருக்கும் இருக்கும் ஆசை இது. தோட்டத்து வீடு வேலையோடு வருவது; வேலை முடிந்தால் அந்த வீடும் கைவிட்டுப் போகும். அதனால் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து நிலத்தோடு வீடு தேடுகிறார்கள். அப்போது வீட்டின் நிலையைப் பார்ப்பதற்கு முன்பு, அது நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டி.ஓ.எல். என்றால் என்ன?

டி.ஓ.எல். என்பது அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தரப்படும் உரிமம். தேசிய நிலச் சட்டப்படி, அது வழங்கப்பட்ட ஆண்டின் இறுதியோடு காலாவதியாகும். பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமதாரர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தானாகச் சேராது. ஆகவே, “டி.ஓ.எல். நிலத்தை விற்கிறேன்” என்று ஒருவர் பணம் வாங்கினாலும், வாங்குபவருக்கு நில உரிமை கிடைப்பதில்லை.

“நாற்பது வருடமாக இங்கேதான் இருக்கிறோம்” என்பதும் உரிமை ஆகாது. எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமக் கட்டணம் கட்டி வந்தாலும், அதை வைத்து அரசு நிலத்துக்குப் பட்டா கோர முடியாது என்று சட்டத்தின் 48ஆம் பிரிவு சொல்கிறது.

புவா பாலா தந்த பாடம்

பினாங்குத் தீவின் கடலோரப் பகுதியான குளுகோரில் இருந்தது கம்போங் புவா பாலா. மாடு வளர்த்து, பால் கறந்து விற்று, பல தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்த கிராமம். பரப்பு ஏறக்குறைய 6.5 ஏக்கர். அந்த நிலத்துக்கு உரிமையாளராக இருந்த பிரவுன் குடும்பம் அதைத் தங்கள் முன்னோருக்காக அறக்கட்டளையாக விட்டுச் சென்றது என்பது மக்களின் வாதம். ஆனால் அவர்கள் கையில் பட்டா இல்லை, டி.ஓ.எல். கட்டணம்தான் கட்டி வந்தார்கள். அரசு நிலமாகியிருந்த அந்த இடம் அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கைமாறியது. வழக்கு உச்சநீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் முடிவு மக்களுக்குச் சாதகமாக அமையவில்லை. 2009 செப்டம்பரில் வீடுகள் உடைக்கப்பட்டன.

பட்டா இருந்தால் போதுமா?

கிராண்ட் எனப்படும் பட்டா இருந்தாலும், அதில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். குறிப்பாக நான்கு விஷயங்கள்:

காலம்: நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை அதிகபட்சம் 99 ஆண்டு. மீதி எத்தனை ஆண்டு என்று பாருங்கள்.

வகை: “பெர்த்தானியான்” என்றிருந்தால் அது விவசாய நிலம். உரிமையாளர் குடியிருக்க அதில் வீடு கட்டலாம்; ஆனால் ஊராட்சி மன்றத்தின் கட்டட அனுமதி தனியாக வேண்டும்.

அளவு: விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்க முடியாது. ஓர் ஏக்கரை எட்டு மனையாக வெட்டி, ஆளுக்கொரு கிராண்ட் தருவதாகச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

தடை: மலாய் ஒதுக்கீட்டு நிலமா, வங்கிக் கடன் உள்ளதா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

முன்பணத்துக்கு முன்

விற்பவர் காட்டும் நகலை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். லாட் எண்ணையும் பட்டா எண்ணையும் வாங்கிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனால், கட்டணம் செலுத்திப் பதிவேட்டை யாரும் சோதிக்கலாம். மலாய் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு பிள்ளைகள் ஒருவர் போவது நல்லது. ஏற்கெனவே டி.ஓ.எல். நிலத்தில் இருப்பவர்கள், உரிமம் யார் பெயரில் உள்ளது, இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருந்தால், நில அலுவலகத்தில் சொல்லிப் புதிதாக விண்ணப்பிப்பதே வழி.