கடல் கட்டியின் குரல்

போன மாரியில் மகள் நகராட்சி நூலகத்திலிருந்து ஒரு டிவிடி கொண்டுவந்தாள். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஓபராவில் 2016 ஜனவரி 16 அன்று மேடையேறி, அன்றே உலகமெங்கும் திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சி. ஜோர்ஜ் பிஸே எழுதிய ‘முத்துக்குளிப்போர்’. “அப்பா, இது உங்கட கடற்கரையில நடக்கிற கதையாம்” என்றாள். கேலியாகச் சொன்னாளா, பரிவோடு சொன்னாளா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

நான் வங்காலைக்காரன். மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் போகிற கரையில் வளர்ந்தவன். கார்ஜ் லே கொனெஸுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். அதில் பாதிக்கு மேல் உணவகச் சமையலறைகளில் நின்றபடி கழிந்தது. ஓபராவுக்கும் எனக்கும் இருந்த தொடர்பெல்லாம் லாச்சப்பலில் மரக்கறிப் பையோடு ‘பூஃப் து நோர்’ அரங்கைக் கடந்து நடந்ததுதான். பீற்றர் புறூக் அங்கே 1981இல் இதே பிஸேயின் ‘கார்மெனை’ச் சுருக்கி மேடையேற்றினார் என்பதைப் பின்னாளில் வாசித்தேன். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் கடை திறக்கத் தொடங்கியது அதற்குக் கொஞ்சம் பிந்தி.

‘முத்துக்குளிப்போர்’ முதலில் அரங்கேறியது 1863 செப்டெம்பர் 30, சாத்லேயில் அப்போது புதிதாகக் கட்டியிருந்த தெயாத்ர் லிரிக்கில். கார்ஜ்–சார்செல் நிலையத்தில் ஆர்.இ.ஆர். ‘டி’ ஏறினால் நேரே போய் இறங்கலாம். பிஸேக்கு இருபத்தைந்து வயது நிரம்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. பதினெட்டுத் தடவை மேடையேறியது, அவ்வளவுதான். அவர் உயிரோடிருக்கும்வரை மறுபடி யாரும் அதைத் தொடவில்லை. பத்திரிகைகளில் பெரும்பாலானோர் திட்ட, பெர்லியோஸ் மட்டும் நல்லதாக எழுதினார்.

கதை எழுதிய கோர்மோனும் கர்ரேயும் முதலில் அதை மெக்சிக்கோவில் வைத்திருந்தார்கள். பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது தூரம். எந்தத் தூரம் என்பது இரண்டாம் பட்சம். பெயர்களைப் பாருங்கள்: லெயிலா, நதீர், சுர்கா, நூராபாத். ஒன்றுகூடத் தமிழ்ப் பெயர் இல்லை. நூராபாத் என்ற பெயரோடு ஒரு பூசாரி, கும்பிடுவதோ பிரம்மாவை. பிரம்மாவுக்குக் கோயில் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் அந்தச் சாமியை யாரும் பெரிதாகக் கூப்பிடுவதில்லை என்று. அந்தக் கரையில் குளித்தவர்கள் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும். வளைகுடாவிலிருந்து அரபிகளும் வந்தார்கள்.

இவ்வளவும் சொன்னதும் மகள், “அப்ப இது குப்பைதானே” என்றாள். எனக்கும் அப்படிச் சொல்லிவிட்டு எழும்ப ஆசைதான். ஆனால் கதையின் நடுவில் இருக்கும் ஒரு விஷயம் என்னை எழும்ப விடவில்லை.

லெயிலா யார்? முகத்தை மூடியபடி வெளியூரிலிருந்து அழைத்துவரப்படுகிற பெண். ஆண்கள் கடலுக்கடியில் இருக்கும் நேரமெல்லாம் அவள் கரையில் பாடவேண்டும், அந்தப் பாட்டு தீயதை விலக்கும். அதற்காக அவள் ஒரு சத்தியம் செய்கிறாள்: ஆண் துணை கூடாது. சத்தியத்தைக் காத்தால் முத்து, மீறினால் சாவு.

இந்த வேலை எங்கள் கரையில் உண்மையாகவே இருந்தது. அதைச் செய்தவருக்குக் ‘கடல் கட்டி’ என்று பெயர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பேசிவல் இவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். வள்ளங்கள் திரும்பும்வரை கரையில் நின்று செபிப்பார்களாம். அதுவரை உணவும் தண்ணீரும் தொடக்கூடாதாம். சிலர் இடையில் கள்ளுக் குடித்ததையும் அவர் எழுதாமல் விடவில்லை. அரைநூற்றாண்டு கழித்து எமேர்சன் ரெனென்ற் எழுதும்போது, அந்த வேலை பரம்பரையாக வருவதென்றும், அப்போதைய குடும்பத் தலைவர் ஒரு றோமன் கத்தோலிக்கர் என்றும் குறிப்பிடுகிறார். மந்திரக்காரர் இல்லாமல் குளிப்பவர் கடலில் இறங்கமாட்டார். அதனால் வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது.

பரிஸ்காரர் இருவரும் இதையெல்லாம் எங்கே வாசித்தார்களோ, வாசித்தார்களோ இல்லையோ, நோன்பைக் கன்னிமையாக்கி, கிழவனை இளம் சொப்ரானோவாக்கிவிட்டார்கள். வேலை மட்டும் மாறவில்லை. அதனால் லெயிலாவாகப் பாடுகிறவரை மதிக்க எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது: இந்தக் குரலை நம்பி ஒருவன் கடலில் இறங்குவானா?

பதிவில் லெயிலா, ஜேர்மன் பாடகி டியானா டம்றாவ். மொற்ஸார்ட்டின் இராக்கினியாக உச்ச சுரங்களில் பெயரெடுத்தவர். முதல் அங்கத்தின் முடிவில் அவருடைய பிரார்த்தனை வருகிறது. மெதுவாகத் தொடங்குகிறார். கீழே கோஷ்டி பதில் சொல்கிறது. இங்கே அவர் குரலை அலங்கரிப்பதில்லை, நேராகப் பிடித்து வைத்திருக்கிறார். விளக்கொன்றைக் காற்றுக்கு மறைத்துக் கொண்டுபோகிறவர் கையைப் போல. பிறகு கூட்டத்தில் நதீர் இருப்பது தெரிகிறது. அதே பாட்டு இப்போது அவனுக்காக. சுரங்கள் துள்ளுகின்றன, கமகமாதிரி நடுங்குகின்றன. கீழே நிற்கிறவர்களோ தங்களுக்காகத்தான் பாடுகிறாள் என்று இன்னும் நம்புகிறார்கள்.

இந்த இடத்தைப் பல பாடகிகள் வெறும் வித்தையாக்கிவிடுவார்கள். டம்றாவ் சந்தோஷத்தை ஒரேயடியாக உள்ளே விடவில்லை. ஒவ்வொரு சுழிப்பின் முடிவிலும் முதற்பகுதியின் அந்த நேர்க்குரல் ஒருகணம் திரும்பி வருகிறது, வேலை நினைவுக்கு வந்தவள்போல. மேடையில் ஒரே மூச்சில் நடக்கும்போதுதான் இப்படி அமையும் என்று நினைக்கிறேன். நேரடிப் பதிவில் சபையோர் இருமுகிறார்கள், பலகை கிறீச்சிடுகிறது. எனக்கு அதெல்லாம் இடைஞ்சலாக இல்லை.

இரண்டாம் அங்கத்தில், இரவில் தனியே அவள் பாடுவதில் எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. கொம்பு வாத்தியம் தொடங்கிவைக்கும் அந்த அமைதி அழகுதான். ஆனால் தாழ்ந்த சுரங்களில் குரல் மெலிகிறது, என் காதுக்கு. அதைவிடக் கமெரா முகத்துக்கு மிக அருகே போய்விடுகிறது. கடல் கட்டி தூரத்தில் தெரிகிற ஆள். கண்ணிமை எண்ணும் அளவுக்குக் கிட்டப்போனால் அவளைச் சுற்றியிருக்கும் கடல் காணாமற்போகிறது. மூன்றாம் அங்கத்தில் நதீரின் உயிருக்காகச் சுர்காவிடம் மன்றாடி, பிறகு அவனைச் சபிக்கும்போது டம்றாவ் அழகைக் கைவிடுகிறார். சுரங்களின் ஓரம் கிழிகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் கடற்கரையில் நின்று கத்துவதை எனக்கு நினைவூட்டிய ஒரே இடம் அதுதான்.

பென்னி வூல்கொக்கின் நெறியாள்கை கதையை இன்றைய ஏதோவொரு கீழைத்தேயக் குடிசைக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறது. தொடக்க இசையில் ஆட்கள் கம்பிகளில் தொங்கியபடி மேலிருந்து கீழாக ‘நீந்தி’ இறங்குகிறார்கள். சபை கைதட்டுகிறது. என் அம்மப்பா சிரித்திருப்பார். 1925இல், கடைசிப் பெருங்குளிப்பு என்று சொல்லப்படும் அந்த வருடம், அவர் வள்ளத்தில் கயிறு பிடித்தவர். குளிப்பவர் நீந்தி இறங்குவதில்லை. கல்லில் கால் வைத்து ஒரே இறக்கம். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் மூச்சு. பிறகு கயிற்றில் ஒரு அசைவு. மேலே இருப்பவர் இழுக்கவேண்டும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்பார் அம்மப்பா. அக்கா விதவையாவதை எந்தத் தம்பியும் விரும்பமாட்டான், அதுதான் கணக்கு. ஓபராவில் உலகப் புகழ் பெற்றதோ நதீரும் சுர்காவும் பாடும் நட்புப் பாட்டு. நல்ல பாட்டுத்தான். ஆனால் அந்த இருவருக்கும் நடுவில் ஒரு கயிறு இல்லை.

குளிப்பவர்கள் முதல் அங்கத்துக்குப் பிறகு கோபக்காரக் கூட்டமாக மட்டும் மிஞ்சுகிறார்கள். 1905இல் மரிச்சுக்கட்டியில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்குப் போனது. அதைப் பற்றிப் பாட எந்த அரங்கும் முன்வரவில்லை. அரிப்பில் தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகை கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. ஊரில் அதை யாரும் நோர்த்தின் பெயரால் அழைப்பதில்லை. அல்லிராணிக் கோட்டை என்பார்கள். முத்துக்கரையை ஆண்டதாகச் சொல்லப்படும் அரசி. லெயிலாவைத் தேடி அவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள், “அப்ப அவ பாஸா, ஃபெயிலா?”

“முதலாவதுல பாஸ்” என்றேன்.

அவள் பிரார்த்தனையை மறுபடி போட்டாள். டம்றாவ் தொடங்கியதும் நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து மூச்சைப் பிடித்தேன். முப்பத்தெட்டாவது செக்கனில் விட்டுவிட்டேன். அவர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.